அந்த 30 விநாடி: கத்துவதா, அடக்குவதா, வேறு வழி பார்ப்பதா?

போன மாதம் ஒரு தம்பி போன் எடுத்தார். பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலைக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர். வந்த மூன்றாம் நாளே அதிபர் பெண் பிள்ளைகளின் கரப்பந்தாட்ட அணியை அவர் கையில் கொடுத்துவிட்டார். வலயமட்டப் போட்டிக்கு ஆறே வாரம். சேர்விஸ் பழக்குவது எப்படி, ரிசீவுக்கு யாரை எங்கே நிறுத்துவது என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "அக்கா, மெச் தொடங்கினாலே எனக்குக் கை நடுங்குது. கத்துனா புள்ளைங்க மிரளுதுங்க. கத்தாம இருந்தா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. நீங்க என்னதான் செய்றீங்க?"

பாதி சொல்லும்போதே சிக்னல் போய்விட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலை, பதுளை என்று எங்கள் மலையகப் பக்கங்களில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போகும் எல்லோருக்கும். ஒரு சதம் வாங்காமல் தோட்டத்து இளைஞர் கழகத்தில் பழக்கும் அண்ணன்மாருக்கும்தான்.

விளையாடும் பிள்ளைக்குப் பதற்றம் வந்தால் நாலு பேர் தோளில் தட்டிக்கொடுப்பார்கள். பயிற்றுவிப்பாளருக்கு வந்தால் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஆனால் வாங்கில் உட்காரும்போது நாங்கள் ஆட்டத்தை மட்டுமா பார்க்கிறோம்? வேன் கூலிக்கு யார் யாரிடம் கேட்டோம் என்பது ஞாபகத்தில் இருக்கும். மகள் விளையாடுவதைப் பார்க்க ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு வேலியோரம் வந்து நிற்கும் அம்மாவின் முகம் தெரியும். எதிர் அணிக்குப் புதுச் சப்பாத்து. எங்கள் பிள்ளை ஒருத்தி அக்காவின் சப்பாத்துக்குள் துணி திணித்துப் போட்டிருப்பாள். பயம், கோபம், பொறாமை, பெருமை எல்லாம் ஒன்றாக வயிற்றைப் பிசையும்.

அந்த நிலையில்தான் டைம் அவுட், அதாவது ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் சின்ன இடைவேளை, எடுக்கிறோம். ஒரு செட்டுக்கு ஒரு அணிக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 30 விநாடி. பிள்ளைகள் வந்து கூடி நிற்கவும் திரும்பிப் போகவும் பத்து விநாடி கழித்தால் மிச்சம் இருபது. அந்த இருபது விநாடியில் என் வயிற்றில் இருப்பதை என்ன செய்வது என்பதுதான் தம்பியின் கேள்வி. நான் செய்து பார்த்தவை நாலு வழி. நாலும் சமமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தது கத்துவது. எங்கள் பக்கத்தில் அதற்கு வேர் ஆழம். காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துச் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் நாங்கள்; சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்ற எண்ணம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. பெற்றோரும் கூட "நல்லாக் கத்தி வேலை வாங்குங்க டீச்சர்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கத்துவதால் பலனே இல்லை என்று சொன்னால் அது பொய். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர்கள் இடைவேளையில் பேசிய 300க்கும் மேற்பட்ட பேச்சுகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். பயிற்றுவிப்பாளர் ஓரளவு கடுமையாகப் பேசிய அணிகள் இரண்டாம் பாதியில் கொஞ்சம் நன்றாகவே ஆடியிருக்கின்றன. கடுமை ஓர் எல்லையைத் தாண்டியதும் ஆட்டம் கீழே போயிருக்கிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று கொதித்துக்கொண்டிருக்கும் ஆளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வலயமட்ட அரையிறுதி. ஆளுக்கு ஒரு செட். மூன்றாம் செட்டில் 13க்கு 13. தரம் 10 பிள்ளை ஒருத்தி சேர்விஸ் போட்டாள். பந்து வலையில் விழுந்தது. "எத்தனை தரம் சொன்னேன்!" என்று நான் போட்ட சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. அடுத்த சேர்விஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து நேராக அவளிடமே வந்தது. பந்து வலையைத் தாண்டி வரும்போது அவள் பந்தைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அரை விநாடிதான் இருக்கும். பந்து முழங்கையில் பட்டுப் பக்கத்தில் தெறித்து, வேலியைத் தாண்டித் தேயிலைக்குள் போனது. பந்தெடுக்கப் போன சின்னப் பிள்ளை அட்டை கடித்த காலோடு மேலே ஏறி வந்தபோது இரண்டு அணியும் கைகொடுத்து முடித்துவிட்டன.

அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பிள்ளைக்கு இருப்பது இரண்டு கண். அதைப் பந்திலிருந்து பிடுங்கி என் முகத்துக்கு இழுத்தது நான்தான்.

கத்திவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். அதுவும் உண்மையில்லை. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 600 மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை வேண்டுமென்றே மோசமாக விமர்சித்து அவர்களுக்குக் கோபமூட்டினார். பிறகு ஒரு பகுதியினரைக் கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையில் குத்தச் சொன்னார், இன்னொரு பகுதியினரைச் சும்மா உட்காரச் சொன்னார். குத்தியவர்களுக்குக் கோபம் கூடியிருந்தது. சும்மா உட்கார்ந்தவர்களுக்குக் குறைந்திருந்தது. அதோடு விதியையும் மறக்க வேண்டாம். நடுவரை நோக்கிக் கத்தி, சிவப்பு அட்டை வந்தால், எதிர் அணிக்கு ஒரு புள்ளியும் சேர்விஸும் போகும். எங்கள் கோபத்துக்கான கூலியைப் பிள்ளைகள் கட்டுவார்கள்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மலையில் காற்று அடிக்கும், பனிமூட்டம் இறங்கினால் பின்வரிசைப் பிள்ளையின் முகமே தெரியாது. அப்போது "ரெண்டடி பின்னால!" என்று உரக்கச் சொல்வது கத்துவது ஆகாது. சத்தத்துக்குள் ஒரு செய்தி இருக்கிறதா, வெறும் சூடு மட்டும் இருக்கிறதா என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, கத்தாமல் அடக்கினால்? அந்தத் தோல்விக்குப் பிறகு நான் போனது அந்தப் பக்கம்தான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "பொம்பளை கத்தினா கேக்க நல்லா இல்ல டீச்சர்" என்று ஒருவர் சொன்னார். ஆண் பயிற்றுவிப்பாளர் கத்தினால் கண்டிப்பானவர், நான் கத்தினால் கோபக்காரி. அது அநியாயம், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பயந்து இரண்டு வருடம் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொள்வேன். பார்ப்பவர்கள் நிதானமான டீச்சர் என்றார்கள்.

உள்ளே நடந்தது வேறு. முதலாவது, ஆட்டம் என் ஞாபகத்தில் நிற்கவில்லை. இரண்டாம் செட்டில் யாரை எந்தப் புள்ளியில் மாற்றினேன் என்று வேனில் பிள்ளைகள் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. வயசாகிறது என்று நினைத்தேன். பிறகு வாசித்தேன்: ஜேன் ரிச்சர்ட்ஸ், ஜேம்ஸ் கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கிக்கொண்டு பார்த்தவர்களுக்கு, பார்த்த விஷயத்தின் விவரங்கள் குறைவாகவே ஞாபகம் இருந்தன. முகத்தைக் காவல் காப்பதற்கே கவனம் செலவாகிவிடுகிறது. ஆட்டத்தைப் பார்க்க மிச்சம் எங்கே?

இரண்டாவது, பிள்ளைகள் ஏமாறவில்லை. 2003இல் எமிலி பட்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் பெண்களை இரண்டிரண்டு பேராகப் பேச வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி தன் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு பேசியபோது, எதிரில் இருந்தவளின் இரத்த அழுத்தம் கூடியது. இதை வாசித்ததும் எனக்கு டைம் அவுட் வட்டம்தான் கண்ணுக்குள் வந்தது. நான் கல்லாக நிற்க, என்னைச் சுற்றி ஆறு பிள்ளைகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கத்தினாலாவது டீச்சருக்கு என்ன பிரச்சினை என்று தெரியும். கல் முகத்திலிருந்து என்னத்தைத் தெரிந்துகொள்வது?

மூன்றாவது வீட்டில். போட்டி முடிந்த ஓர் இரவு மகன் தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டான். மைதானத்தில் விழுங்கியது முழுவதும் அவன் தலையில் இறங்கியது. அவனுக்கு அப்போது ஆறு வயது.

அதனால் அடக்குவது அறவே கூடாது என்று சொல்லவில்லை. நடுவரின் தீர்ப்பு வந்த அந்த நொடிக்கு, தோற்றவுடன் எதிர் அணிக்குக் கைகொடுக்கும் நேரத்துக்கு, வென்றாலும் தோற்ற பிள்ளைகள் அழுதுகொண்டு பக்கத்தில் நிற்கும்போது, அடக்கம்தான் வேண்டும். ஆனால் அது சில நிமிடக் காரியம். ஒரு பருவம் முழுக்க அதிலேயே குடியிருந்தால் உடம்பும் தாங்காது, வீடும் தாங்காது.

அப்புறம், எண்ணத்தை மாற்றிப் பார்ப்பது. பயத்துக்கு இது நல்ல மருந்து. அலிசன் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடவும் பேசவும் கணக்குப் பரீட்சை எழுதவும் போனவர்களில், நடுக்கத்தை உற்சாகம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள். நெஞ்சு அடித்துக்கொள்வது இரண்டுக்கும் ஒன்றுதானே. "பயமா இருக்கு" என்பதை "ஆட்டம் பார்க்கத் துடிப்பா இருக்கு" என்று திருப்பிக்கொள்வது, "பயப்படாதே" என்று மனசை அதட்டுவதைவிடச் சுலபம். தம்பியின் கை நடுக்கத்துக்கு முதலில் இதைத்தான் சொன்னேன். செலவில்லாதது, யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

ஆனால் அநியாயம் நடக்கும்போது இந்த வழி உதவாது. ஒரு தரம் ஆட்டம் நடக்க வேண்டிய நேரத்தை மாற்றிவிட்டு எங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வேனை விட்டு இறங்கி உடம்பைச் சூடேற்றக்கூட முடியாமல் ஆடப் போனார்கள். அதை நல்ல கண்ணோடு பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் அது பொய், பிள்ளைகளுக்குச் சொன்னால் இன்னும் பெரிய பொய். இப்படியான கோபத்துக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். கண்டியில் பிறந்த எங்கள் முரளிதரனை நினைத்துப் பாருங்கள். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்னில், அத்தனை ஆயிரம் பேர் முன்னால், பந்தை வீசவில்லை, கையை மடக்கி எறிகிறார் என்று ஒரே நாளில் ஏழு தரம் நோ போல் சொன்னார்கள். அவர் பக்கத்தில் நின்றவர்கள் சும்மா இரு என்றும் சொல்லவில்லை, கத்துவதோடும் நிற்கவில்லை. அவர் கையைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்க வைத்தார்கள். 1996இல் அந்த அளவுகளே அவருக்காகப் பேசின. எங்கள் அளவில் அந்த வேலை சின்னது: நடந்ததை நேரம் போட்டு எழுதி, அதிபர் மூலம் முறைப்பாடு கொடுப்பது. ஆட்டத்துக்குள் விளக்கம் கேட்க வேண்டுமென்றால் விதிப்படி அணித் தலைவிதான் முதல் நடுவரிடம் கேட்கலாம், நாங்கள் இல்லை. அந்தப் பிள்ளைக்கு மரியாதையாக விளக்கம் கேட்கப் பழக்கிவிட்டால், பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

நான் இப்போது நிற்பது நாலாவது வழியில். கோபம் வந்த பிறகு போராடாமல், வருவதற்கு முன்னால் ஏற்பாடு செய்துவைப்பது. மேலே பெயர் சொன்ன ஜேம்ஸ் கிராஸ் 1998இல் எழுதியதன் சாரமும் ஏறக்குறைய இதுதான்: உணர்ச்சி முளைத்து முற்றும் பாதையில் பல இடங்களில் கை வைக்கலாம், முன்னாலேயே கை வைப்பதற்குப் பெரும்பாலும் செலவு குறைவு. குளிக்கவும் குடிக்கவும் பிடிக்கும் பீலிக்கு வரும் தண்ணியை மேலே வாய்க்காலில் திருப்புவதற்கு ஒரு கல் போதும். லயத்து வீட்டு வாசலுக்கு வந்த பிறகு திருப்ப வேண்டுமென்றால் சாக்கு மண் கட்ட வேண்டும்.

என் ஏற்பாடுகள் இவ்வளவுதான். ஒரு கொப்பி, ஒரு பென்சில். பக்கத்துக்கு ஆறு கட்டம், மைதானத்தின் ஆறு இடங்கள். எதிர் அணியின் ஒவ்வொரு சேர்விஸும் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று புள்ளி வைப்பேன். கை எழுதும்போது வாய் அடங்குகிறது. கண் ஆட்டத்தில் இருக்கிறது. டைம் அவுட்டில் சொல்வதற்கு ஒரு விஷயமும் கையில் இருக்கும்: "அஞ்சு சேர்விஸ் இடப்பக்க மூலைக்கு வந்திருக்கு, அங்க ஓரடி நகருங்க." அவ்வளவுதான், வேறு பேச்சில்லை. ஒரு நாள் எட்டுப் புள்ளியில் ஆறு ஒரே கட்டத்தில் விழுந்திருந்தது. கத்தியிருந்தால் அதை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

டைம் அவுட் கேட்பதற்கு முன்னால் மூன்று மூச்சு. நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் மூச்சு விட்டால் இதயத் துடிப்பு அமைதியாகும் என்பது நன்றாக ஆராய்ந்து பார்த்த விஷயம். அந்தக் கணக்குக்கு மூன்று மூச்சே 30 விநாடி. அதனால் அதை டைம் அவுட்டுக்குள் செய்ய முடியாது, அதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒரு புள்ளி போனாலும் போகட்டும்.

இன்னொன்று ஆள். எங்கள் பாடசாலையின் சங்கீத டீச்சர் என்னோடு வருவார். கரப்பந்தாட்டம் அவருக்குத் தெரியாது, என்னைத் தெரியும். கோபம் ஏறினால் என் வலது முழங்கால் ஆடத் தொடங்கும். எனக்குத் தெரியாது, அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். ஆடினால் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுப்பார். ஒன்றும் பேச மாட்டார். சுடுகிற கோப்பையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்த முடியாது.

இதற்கும் குறை உண்டு. பழகுவதற்கு எனக்கு ஒரு முழுப் பருவம் போனது. "டீச்சர் எழுதிக்கிட்டே இருக்காங்க, ஆட்டத்தில அக்கறை இல்ல" என்று வேலியோரத்தில் பேசுவது காதில் விழும், அது வலிக்கும். பிள்ளை ஒருத்தி கணுக்கால் பிசகி விழுந்த நாளில் எந்த ஏற்பாடும் நிற்கவில்லை. கொப்பி எங்கே விழுந்தது என்றே தெரியாமல் ஓடினேன். அப்படி ஓடியது சரிதான்.

ஆனால் தம்பி கேட்ட கேள்வியின் பாரமான பகுதி "தூக்கம் வரல்ல" என்பது. மைதானத்து வழிகளில் ஒன்றுகூட அங்கே அப்படியே பொருந்தாது. அங்கே வருவது பெரும்பாலும் கோபமும் இல்லை.

ஒரு பிள்ளை இருந்தாள். என்னிடம் ஆடப் பழகியவர்களில் பந்தைத் தூக்கிக் கொடுப்பதில் அவளைப் போல இன்னொருத்தி வரவில்லை. விரல் நுனியில் பந்து ஒரு நொடி நின்று போவது போல இருக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கிழமை, கொழும்புக்கு வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். வீட்டு நிலைமை அப்படி. போவதற்கு முதல் நாள் ஜேர்சியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். துவைத்து, மடித்து, ஷொப்பிங் பையில் போட்டிருந்தாள். ஏழாம் இலக்கம். கக்கத்தில் கிழிந்திருந்த இடத்தை வெள்ளை நூலால் தைத்திருந்தாள்; ஜேர்சி நீலம், வீட்டில் நீல நூல் இல்லையாக்கும். "அடுத்த புள்ளைக்குக் குடுங்க டீச்சர்" என்றாள்.

யாரிடம் கத்துவது? அடக்கிப் பார்த்தேன், ஒரு மாதம் பயிற்சிக்கே போக மனம் வரவில்லை. குடும்பம் நிமிர்ந்துவிடும், நல்லதுதானே என்று எண்ணிப் பார்த்தேன். அது முழு உண்மை இல்லை என்று நெஞ்சுக்குத் தெரியும். கடைசியில் எனக்குப் பழக்கிய ஓய்வுபெற்ற சேருக்குப் போன் எடுத்தேன். அவர் புத்தி சொல்லவில்லை. "அந்தப் புள்ள எப்படி பந்து தூக்குவா? சொல்லு பாப்பம்" என்றார். இருபது நிமிடம் சொன்னேன், சொல்லிக்கொண்டே அழுதேன். அன்றைக்குத் தூங்கினேன்.

எங்கள் தொழிலில் அப்படி ஓர் ஆள் எல்லோருக்கும் இருப்பதில்லை. இல்லாதவர்கள் எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவர் 1986இல் மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை அழுத்தும் சம்பவத்தை உள்ளபடி எழுத வைத்தார். எழுதிய நாட்களில் மனம் கனத்தது. ஆனால் பிந்திய மாதங்களில் அவர்கள் வைத்தியரிடம் போனது குறைந்தது. நண்பர்கள் சிலர் தோற்ற இரவைப் போத்தலோடு கழிக்கிறார்கள். விடிந்தால் துக்கம் அப்படியே இருக்கிறது, வீட்டில் இன்னொரு துக்கமும் சேர்ந்துவிடுகிறது. தூக்கமின்மை கிழமைக்கணக்கில் நீண்டால் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண். அழைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தம்பி, உங்கள் கையில் இருப்பது ஆறு வாரம். ஆறு வாரத்தில் குணத்தை மாற்ற முடியாது, அதை முயலவும் வேண்டாம். கொப்பியில் புள்ளி வைப்பதைப் பயிற்சி நாளிலிருந்தே தொடங்குங்கள், போட்டி அன்று முதல் தரமாகத் தொடங்கினால் கை ஓடாது. உங்கள் முழங்காலைப் பார்க்க ஓர் ஆளைப் பிடியுங்கள். நடுக்கத்துக்குப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். டைம் அவுட்டில் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். ஒரு தரம் சத்தம் வெளியே வந்துவிட்டால், அந்தப் பிள்ளையிடம் வேனில் ஏறுவதற்கு முன் "அந்த நேரம் நான் கத்தினது சரியில்ல" என்று சொல்லிவிடுங்கள். நான் அன்றைக்கு அந்தத் தரம் 10 பிள்ளையிடம் அதைச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னேன். அவள் ஒவ்வொரு புள்ளியாக எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தாள்.

போட்டி முடிந்த இரவு எட்டு மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள். கோயில் திட்டில் ஏறி நிற்கிறேன், அங்கே சிக்னல் அறுபடாது. வென்றாலும் கூப்பிடுங்கள். புள்ளி எத்தனை என்று நான் முதலில் கேட்க மாட்டேன்.